நலன் வேறு, உரிமை வேறு: பட்டி மாடுகளைப் பற்றிய வாக்குவாதத்தில் கலந்துகிடக்கும் இரண்டு கேள்விகள்

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், வெருகல் என்று திருகோணமலை மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும், பத்துப் பசுவையோ முப்பது எருமையையோ நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். வீதியோரக் கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் தயிர்ச்சட்டிகளில் பெரும்பாலானவை இத்தகைய வீடுகளிலிருந்து வருபவை. இந்தக் குடும்பங்களை நோக்கி அண்மைக் காலமாக ஒரு கண்டனம் எழுகிறது. கன்றுக்குரிய பாலைப் பறிக்கிறார்கள், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குறி சுடுகிறார்கள், வயதான மாட்டை இறைச்சிக்கு விற்கிறார்கள், ஆகவே இது கொடுமையான தொழில் என்று விலங்குகளுக்காகக் குரல் கொடுப்பவர்கள் சொல்கிறார்கள். பட்டிக்காரரோ, "நாங்கள் சாப்பிட முன்னர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள், எங்களுக்கா இரக்கத்தைச் சொல்லித் தருகிறீர்கள்" என்று வெகுண்டு எழுகிறார்.

எங்கள் வீட்டிலும் பட்டி இருந்தது. இரு தரப்பினரின் பேச்சையும் பலமுறை பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கேட்கும் கேள்விக்கு மற்றவர் வேறொரு கேள்வியின் பதிலைச் சொல்கிறார், அவ்வளவுதான். "விலங்கு நலன்" என்ற சொல்லும் "விலங்கு உரிமை" என்ற சொல்லும் ஒன்றுக்கொன்று பதிலாகப் புழங்குவதால் வந்த குழப்பம் இது. இரண்டும் எங்கே பிரிகின்றன, நலனை உண்மையில் எப்படி அளக்கிறார்கள் என்பவற்றை, இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

கோட்டைக்குள் மேயும் மான்கள்

திருக்கோணேச்சரத்துக்குப் போகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் முதலில் காண்பது புள்ளிமான்களைத்தான். அவற்றுக்கு எசமான் இல்லை. அவற்றை யாரும் கட்டுவதில்லை, கறப்பதில்லை, விற்பதில்லை. தாம் விரும்பிய நேரத்தில் மரநிழலில் படுக்கின்றன, விரும்பிய நேரத்தில் வீதியைக் கடக்கின்றன. ஆனால் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால், சாப்பாடு சுற்றிய பொலித்தீனை ஒரு மான் மென்றுகொண்டிருப்பதையும் காண நேரிடும். அது வயிற்றில் தங்கினால் எடுத்துவிட ஆளில்லை. கால் ஒடிந்தாலும் நாய் கடித்தாலும் அந்த மானுக்காக மிருக வைத்தியரைத் தேடிப் போக வேண்டிய கடமை எந்த வீட்டுக்கும் இல்லை.

இனி, தம்பலகாமத்தில் ஒரு வீட்டின் பின்வளவில் கட்டியிருக்கும் பசுவை எண்ணிப்பாருங்கள். அதன் கழுத்தில் கயிறு இருக்கிறது. அது எங்கே மேய வேண்டும், எப்போது காளையோடு சேர வேண்டும், எப்போது விலைபோக வேண்டும் என்பவற்றையெல்லாம் வேறொருவர் தீர்மானிக்கிறார். ஆனால் அதற்கு நிழல் இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது, மடி வீங்கினால் அன்று மாலையே மருந்து வருகிறது.

மானுக்கு யாருடைய உடைமையுமாக இல்லாத நிலை வாய்த்திருக்கிறது, ஆனால் நலன் குறைவு. பசுவுக்கு நலன் வாய்த்திருக்கிறது, ஆனால் அது ஒருவரின் உடைமை. இந்த இரண்டு படங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

ஆராய்ச்சி மணியை அடித்த பசு

உரிமை என்றால் என்ன? இதை விளக்க நமக்கு மிகப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அரசனுடைய மகனின் தேர்ச்சக்கரத்தில் கன்றை இழந்த பசு, அரண்மனை வாசலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது என்ற கதையைச் சோழநாட்டில் மனுநீதிச் சோழன்மேல் ஏற்றிச் சொல்வார்கள். இலங்கையில் எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்வார்கள். அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அரசனின் இரக்கம் மட்டுமன்று. பசு அங்கே பிச்சை கேட்டு வரவில்லை, வழக்காளியாக வந்தது. மணியை அடிக்கும் தகுதி அதற்கும் இருந்தது.

விலங்கு உரிமை என்ற கொள்கை சொல்வது இதைத்தான். விலங்கு தனக்கென்று ஒரு வாழ்வு உடையது. அதை இன்னொருவரின் தேவைக்கான கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. எவ்வளவு அன்பாகப் பயன்படுத்தினாலும் அது தவறே என்பது அதன் சாரம். அமெரிக்க மெய்யியலாளர் டொம் ரீகன் 1983இல் இந்த வாதத்தை விரிவாக முன்வைத்தார். இந்தக் கொள்கையை முழுமையாக ஏற்றுக்கொண்ட ஒருவருக்கு, பட்டியில் தண்ணீர்த் தொட்டி எத்தனை, நிழல் எவ்வளவு என்ற விவரங்கள் பதிலாகா. பட்டி என்ற ஒன்று இருப்பதே அவருடைய கேள்வி.

விலங்கு நலன் என்ற கொள்கை அங்கே தொடங்குவதில்லை. மனிதர் விலங்கை வளர்ப்பதை அது தடுக்காது. ஆனால் வளர்க்கும் காலம் முழுவதும் அந்த விலங்கு வலியும் அச்சமும் பட்டினியும் இல்லாமல் வாழ்கிறதா, சாகும் நேரத்திலும் தேவையற்ற துன்பம் இல்லாமல் சாகிறதா என்று கேட்கும். இரண்டு கொள்கைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே உண்மைதான்: விலங்குக்கு உணர்திறன் உண்டு. உணர்திறன் என்பது வலியையும் இதத்தையும் தானே அனுபவிக்கும் ஆற்றல். கல்லுக்கு அது இல்லை, கன்றுக்கு இருக்கிறது.

சுருங்கச் சொன்னால், "வளர்க்கலாமா?" என்பது உரிமையின் கேள்வி. "வளர்க்கப்படும் விலங்கு எப்படி இருக்கிறது?" என்பது நலனின் கேள்வி. முதலாவதற்கு ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியையும் சமயத்தையும் சிந்தனையையும் கொண்டு பதில் தேடலாம். இரண்டாவதற்கு மாட்டைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும்.

நலனை அளக்கும் கோல்

நலன் என்பது ஏதோ மென்மையான உணர்ச்சி, அதை எப்படி அளப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பிரித்தானியாவில் 1965இல் பேராசிரியர் பிரம்பெல் தலைமையிலான குழு ஒன்று, அடைத்து வளர்க்கப்படும் பண்ணை விலங்குகளைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. அதிலிருந்து வளர்ந்து, 1979இல் ஒழுங்காக வகுக்கப்பட்டவை "ஐந்து சுதந்திரங்கள்". பசி தாகத்திலிருந்து விடுதலை, வசதியீனத்திலிருந்து விடுதலை, வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விடுதலை, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம், அச்சத்திலிருந்தும் மன உளைச்சலிலிருந்தும் விடுதலை. விலங்குச் சுகாதாரத்துக்கான உலக அமைப்பும் இவற்றைத் தன் வழிகாட்டலில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்தக் கோலை நம்மூர்ப் பட்டிக்கு வைத்துப் பார்த்தால், பட்டிக்காரரும் அவரைக் கண்டிப்பவரும் ஒருங்கே வியக்கத்தக்க முடிவு கிடைக்கிறது. இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரத்தில் நம் மாடுகள் மிக உயர்ந்த இடத்தில் இருக்கின்றன. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் பசுவைவிடக் குறைவு. அதன் கறுத்த தோல் வெயிலை உறிஞ்சும். நண்பகலில் சேற்றிலும் நீரிலும் அமிழ்ந்து கிடந்துதான் அது தன் உடலைக் குளிர்விக்க முடியும். மகாவலியின் கிளைகள் கடலோடு சேரும் மூதூர்ப் பகுதியிலும் குளக்கரைகளிலும் மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரிய எருமைகள் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, சீமெந்துத் தரையில் வாழும் எந்த நவீனப் பண்ணை எருமையைவிடவும் இவை இயல்பாக வாழ்கின்றன என்பது புரியும்.

ஆனால் மற்றச் சுதந்திரங்களில் நாம் அவ்வளவு தலைநிமிர முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளங்கள் வற்றுகின்றன. நம் சிறிய நாட்டு மாட்டுக்குக்கூட வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 30 லீற்றர் அளவு தண்ணீர் வேண்டும். அந்த நாட்களில் நம் மேய்ச்சல் தரைகளில் மாடுகளின் விலா எலும்பை எண்ணலாம். கால்நடைத் துறையில் இதைக் கணிக்க "உடற்கட்டுப் புள்ளி" என்ற முறை இருக்கிறது. விலா, இடுப்பெலும்பு, வாலடி ஆகிய இடங்களில் சதை எவ்வளவு போர்த்தியிருக்கிறது என்று கண்ணாலும் கையாலும் பார்த்து 1 (மிக மெலிந்தது) முதல் 5 (மிகக் கொழுத்தது) வரை புள்ளியிடுவார்கள். தராசு வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற கண் போதும். கோடையின் முடிவில் நம் மாடுகளுக்கு இப்புள்ளியை நேர்மையாக இட்டால், பலவற்றுக்கு 2ஐத் தாண்டாது.

2022 டிசம்பர்: இரண்டாவது சுதந்திரத்தின் விலை

வசதியீனத்திலிருந்து விடுதலை என்பது கேட்பதற்குச் சொகுசு போலத் தோன்றும். அது சொகுசன்று என்பதை 2022 டிசம்பர் காட்டியது. மண்டூஸ் புயல் வங்கக் கடலைக் கடந்த அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மழையும் குளிர்காற்றும் ஒன்றாக அடித்தன. ஓரிரு நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்துபோயின. நோய் பரவியதோ நஞ்சு வைத்தார்களோ என்று ஊரெல்லாம் பேச்சு. காரணம் குளிர்தான் என்றபோது பலரால் நம்ப முடியவில்லை. நம் நாட்டில் மாடு குளிரில் சாகுமா என்று கேட்டார்கள்.

அதன் பொறிமுறையை இப்படி விளங்கிக்கொள்ளலாம். மழையில் நனைந்த சட்டையோடு மோட்டார் சைக்கிளில் போயிருப்பவர்களுக்கு, நனைந்த துணியில் காற்றுப் படும்போது உடல் எப்படி வெடவெடக்கும் என்று தெரியும். மாட்டின் மயிர்க்கற்றைகளுக்கு இடையே தங்கும் காற்றுத்தான் அதன் போர்வை. மழையில் மயிர் நனைந்து ஒட்டிக்கொண்டதும் அந்தப் போர்வை போய்விடுகிறது. அடுத்த காப்பு தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு. கோடையில் மெலிந்து, மாரி தொடங்கியும் தேறாத மாட்டுக்கு அது இல்லை. கடைசிக் காப்பு வயிறு. அசைபோடும் விலங்கின் பெரிய இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்யும்போது வெப்பம் உண்டாகிறது. அதாவது மாடு தன் வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பை வைத்திருக்கிறது. மேய்ச்சல் தரை வெள்ளத்தில் மூழ்கி, மாடு மேட்டில் பட்டினியாக நின்றால் அந்த அடுப்பும் அணைந்துவிடும். மூன்று காப்பும் ஒரே இரவில் இல்லாமற்போனால் மாடு விழுந்துவிடும், விழுந்தது எழும்பாது.

அந்த நாட்களில் ஒரு காலையில் எங்கள் உறவினர் ஒருவரின் பட்டிக்குப் போயிருந்தேன். வேலியோரத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி கன்றுகள் கிடந்தன. உயிரோடிருந்த ஒரு கன்றைச் சாக்கால் துடைத்துத் துடைத்து, அடுப்புச் சாம்பலை அதன் நெஞ்சில் தேய்த்துக்கொண்டு, அந்த மனிதர் ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரைக் கொடுமைக்காரர் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு கம்பமும் கொஞ்சம் தகரமும் இருந்திருந்தால் அவற்றுள் சில கன்றுகளாவது பிழைத்திருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. அன்பு இருப்பதும் நலன் இருப்பதும் ஒன்றல்ல என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

ஆகவே, நலன் என்பது வளர்ப்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியதன்று. விலங்கின் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியது. நல்ல மனிதரின் பட்டியிலும் நலன் குறைந்திருக்கலாம்.

கன்றின் பாலைப் பறிக்கிறார்களா?

அதிகம் கேட்கப்படும் குற்றச்சாட்டு இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். மடியில் பால் இருப்பது வேறு, அது இறங்குவது வேறு. கன்று முட்டி முட்டி ஊட்டும்போது காம்பின் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடியிலுள்ள சுரப்பி "ஒக்சிற்றோசின்" என்ற சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. அது மடியை அடைந்ததும் பால் நிறைந்த நுண்பைகளைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்கிப் பாலை வெளியே தள்ளுகின்றன. இதைத்தான் நாம் "மடி சுரந்துவிட்டது" என்கிறோம். மாடு பயந்தாலோ அடிபட்டாலோ இன்னொரு சுரப்பு இதை மறித்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அடித்துக் கறப்பவனுக்குப் பால் குறையும் என்பது வெறும் நம்பிக்கையன்று, உடலியல்.

நாட்டு மாடும் எருமையும் பெரும்பாலும் கன்றைக் காணாமல் சுரப்பதில்லை. அதனால் நம் பட்டிகளில் இரவில் கன்றைத் தனியே கட்டிவைத்து, விடியற்காலை முதலில் அதை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் தாயின் முன்னங்காலோடு கட்டிவிட்டுக் கறப்பார்கள். கறக்கும் நேரம் முழுவதும் தாய் கன்றின் முதுகை நக்கிக்கொண்டே நிற்கும். கறந்து முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டால், வாயில் நுரை தள்ளக் கன்று மீதியைக் குடிக்கும். பிறகு இரண்டும் ஒன்றாக மேயப் போகும். மேலைநாட்டுப் பெரும் பாற்பண்ணைகளிலோ கன்று பிறந்து ஒரு நாளுக்குள், சில வேளை சில மணி நேரத்துக்குள், தாயிடமிருந்து நிரந்தரமாகப் பிரிக்கப்படுகிறது. அந்தப் பிரிவின் காணொளியைக் காட்டி நம் பட்டியைக் கண்டிப்பது தவறு.

இத்துடன் பட்டிக்காரரின் கணக்கு முடிந்துவிடவில்லை. நாட்டுப் பசு ஒரு வேளையில் தருவது ஒன்றிரண்டு லீற்றர்தான். அதில் எவ்வளவு கறப்பது, எவ்வளவு விடுவது என்பதில்தான் கன்றின் உயிர் இருக்கிறது. தயிருக்கு விலை ஏறும் நாட்களில் கை மடியை விட்டு வர மனமில்லாமல் ஒட்டக் கறப்பவர்கள் இருக்கிறார்கள். எருமைக் கன்றுகள் மெலிந்து, வயிறு மட்டும் ஊதி, பூச்சி விழுந்து சாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். நான்கு காம்பில் ஒன்றைக் கன்றுக்கென்று தொடாமல் விடும் வழக்கம் இங்கே பல குடும்பங்களில் இருந்தது. அது விதியாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பட்டியின் நலனைப் பார்க்க விரும்பும் எவரும் தாயைப் பார்ப்பதற்கு முன் கன்றைப் பார்க்கட்டும்.

வெளியூர்ப் படமும் நம்மூர்ப் பட்டியும்

"தொழிற்சாலைப் பண்ணை" என்பது குறைந்த இடத்தில் மிகப் பல விலங்குகளை அடைத்து, உணவு, ஒளி, சினை என எல்லாவற்றையும் உற்பத்திக்காகக் கட்டுப்படுத்தும் முறை. முட்டைக்கோழிகளுக்கான பழைய கம்பிக் கூடுகளில் ஒரு கோழிக்குக் கிடைத்த இடம் ஒரு ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் அத்தகைய கூடுகளைத் தடைசெய்தது. உலகில் விலங்கு நல இயக்கம் இவ்வளவு வலுப்பெற்றதற்கு இப்படிப்பட்ட பண்ணைகளே காரணம், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வளவில் இருபது கோழியை மேயவிட்டு இரவில் கூட்டில் அடைக்கும் ஈச்சிலம்பற்றைப் பெண்ணின்மேல் அதே கோபத்தைக் கொட்டுவதில் நியாயம் இல்லை.

அதே வேளை, சிறியது என்பதால் நல்லது என்றும் ஆகிவிடாது. குறி சுடுதலை எடுத்துக்கொள்வோம். பழுத்த இரும்பு தோலை எரிக்கும்போது உண்டாவது தீக்காயம்; அதன் வலி பல நாட்கள் நீடிக்கும். காதில் இடும் அடையாளப் பட்டி ஒரு குத்தோடு முடிந்துவிடும். காதுப் பட்டியை வெட்டி எறிந்துவிட்டு மாட்டைக் கடத்துகிறார்கள், சுட்ட குறியை அழிக்க முடியாது என்று பட்டிக்காரர் சொல்வதில் உண்மை உண்டு. களவைத் தடுப்பது காவலின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு நிறைவேறாததன் விலையை மாட்டின் தோல் கொடுக்கிறது. எனினும் விலாவை நிறைத்துப் பெயரின் முதலெழுத்துக்கள் அத்தனையையும் சுடுவதற்கு எந்தக் காரணமும் போதாது. இந்த ஒரு விடயத்தில் நான் விமர்சிப்பவர்களின் பக்கமே நிற்கிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கையில் விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. அது விதித்த தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு ஒரு வரைபைத் தந்தது, அது பல ஆண்டுகள் வரைபாகவே இழுபட்டது. இந்தச் சட்டங்கள் எல்லாம் நலனைப் பற்றியவை. உரிமை என்ற கொள்கையை அவை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று இனங்கள் வாழும் இந்த மாவட்டத்தில் மாட்டைப் பற்றிய பேச்சு மிக எளிதாக மனிதரைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. ஓர் ஊரின் இறைச்சிக் கடையை மட்டும் குறிவைத்து, பக்கத்து ஊரில் தண்ணீரின்றி நிற்கும் மாட்டைக் காணாமல் போகும் விமர்சனம் விலங்கைப் பற்றியதன்று. விலங்கின்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் இந்தக் கலப்பை முதலில் தாங்களே மறுக்க வேண்டும்.

பட்டிக்காரரால் முடிந்ததும் முடியாததும்

இவ்வளவும் விளங்கிய பிறகு ஒரு பட்டியைப் பார்க்கப் போகிறவர் எதைக் கேட்கலாம்? தண்ணீர் எங்கே, எவ்வளவு தூரம்? கன்றின் விலா தெரிகிறதா? படுத்திருக்கும் மாடுகள் அமைதியாக அசைபோடுகின்றனவா? ஆள் நெருங்கும்போது மாடு மிரண்டு ஓடுகிறதா, தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் மேய்கிறதா? புண் இருந்தால் மருந்து போட்டிருக்கிறதா? இவற்றுக்குப் படிப்பு வேண்டியதில்லை, அரை மணி நேரப் பொறுமை போதும்.

இவற்றில் சிலவற்றை நாளைக்கே பட்டிக்காரர் மாற்றிவிடலாம். ஒரு காம்பை விடுவதற்குப் பணம் தேவையில்லை. நலமடிப்பதற்கு, அதாவது காளையை மலடாக்குவதற்கு, பழைய முறையை விட்டு மிருக வைத்தியரிடம் போவதற்கு ஒரு காலைப் பொழுது போதும். ஆனால் பெரும்போகத்தில் வயல் விதைக்கப்பட்டதும் மாட்டை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. காட்டோர மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தரை பெரும்பாலும் அரச காணி. ஆண்டுக்கு ஆண்டு அது பயிர்ச்செய்கைக்குப் போய்ச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. மிஞ்சியிருக்கும் இடத்தில், தனக்கு உறுதியில்லாத காணியில், அவர் நிரந்தரமான கூரை போட முடியாது. மழையும் குளிரும் வரும் மாதங்கள், மாடுகள் அங்கே நிற்கும் அதே மாதங்கள்தான்.

2022இல் கன்றுகளை இழந்த அந்த உறவினர் இப்போது நவம்பர் பிறந்ததும் தடிகளை நட்டு, மேலே கிடுகும் பழைய தறப்பாளும் போட்டு, மேட்டில் ஒரு பந்தல் கட்டுகிறார். அவரிடம் இருப்பது இருபத்தாறு மாடு. பந்தலுக்குள் கொள்வது கன்றுகளும் சினைமாடுகளும்தான். மற்றவை வெளியே, முதுகைக் காற்றுக்குக் காட்டியபடி நிற்கின்றன. மேய்ச்சல் தரைக்கு ஓர் எல்லை அளந்து கொடுத்தால் தகரமே போடுவேன் என்று அவர் விண்ணப்பம் எழுதியிருக்கிறார். விலங்குகளுக்காகக் குரல் கொடுக்கும் நகரத்து இளைஞர்கள் இருவர், சென்ற மாரியில் வந்து பார்த்துவிட்டு, அதன் கீழே தங்கள் பெயர்களையும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.